பட்டுவுக்குச் சுற்றிய மிளகாய்

போன வருடம் கோடை விடுமுறை ஆரம்பித்த சமயம், விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என்னோடு பள்ளியில் வேலை பார்த்த டீச்சருக்கு வெளியூருக்கு மாற்றல். போகிற இடத்தில் பறவை வளர்க்கக் கூடாதென்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். அப்படித்தான் அவருடைய காக்கட்டீல் கிளி பட்டு எங்களிடம் வந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது.

என் கணவருக்குத்தான் துளியும் இஷ்டமில்லை. "நமக்கே நேரத்துக்கு சாப்புட வழியக் காணோம், இதுக்கு யாரு சேவகம் பண்றது?" என்றார். பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பது அவர் வேலை. பட்டு வந்த அன்றைக்கே மனிதர் மாறிவிட்டார். மண் தூசி அதற்கு ஆகாது என்று குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் கூண்டுப் பக்கமே போவார். வெளியே விட்டால் ஃபேனை நிறுத்தணும், ஊதுபத்தி, கொசுவத்தி கொளுத்தக் கூடாது என்று டீச்சர் சொன்னதையெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார்.

பட்டுவோ சரியாகச் சாப்பிடவே இல்லை. தினை வைத்தோம், கம்பு வைத்தோம், கொத்தமல்லித்தழை வைத்தோம். புது இடமாயிற்றே, பயப்படாமல் சாப்பிடட்டும் என்று இரண்டு பேரும் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வோம். திரும்பி வந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அது மட்டும் இறகை உப்பவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். சின்ன உடம்பு, பட்டினி தாங்காது. நம்பிக் கொடுத்த உயிர் நம் கையில் போய்விடுமோ என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கிண்ணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பலமான இருமல் சத்தம். ஓடி இறங்கினால் வீடு முழுக்க மிளகாய் நெடி. அடுப்பில் உப்பும் மிளகாயும் படபடவென்று வெடிக்கின்றன. பட்டு கூண்டின் அடியில் விழுந்து, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. என் கணவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு, லுங்கி தடுக்கத் தடுக்க மாடிக்கு ஓடினார்.

அடுப்பை அணைத்துவிட்டு, தெரிந்த கால்நடை மருத்துவருக்கு போன் போட்டேன். "நல்ல காத்துல வைங்கம்மா. கையில புடிக்காதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க. கொஞ்ச நேரத்துல மூச்சு சீராவலன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றார்.

மாடியில் இவர் கூண்டின் முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் மகனுக்குத் திருஷ்டி சுற்றும்போதெல்லாம் கிண்டல் செய்கிற மனிதர்!

"ஊதுபத்தியே ஆவாதுன்னு எனக்கு சொல்லிட்டு, மொளகாயப் போடலாமாங்க?"

"தெருவே வந்து பாத்துட்டு அழகு அழகுன்னு சொல்லிட்டுப் போச்சு. கண்ணு பட்டுதான் சாப்புட மாட்டேங்குதுன்னு நெனச்சேன். திருஷ்டி இருந்தா நெடி வராதுன்னு நீதான சொல்லுவ?"

இதற்கு நான் அழுவதா, சிரிப்பதா?

மெல்ல மெல்ல பட்டுவின் மூச்சு சீரானது. தத்தித் தத்திக் குச்சியில் ஏறி உட்கார்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் இடத்தைவிட்டு அசையவில்லை. வேலை முடிந்து வந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் ஆயிற்றே என்று உப்புமா கொண்டுவந்து கொடுத்தேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். பட்டு தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இறங்கி வந்து கிண்ணத்தில் மூக்கை விட்டுக் கம்பைக் கொறிக்க ஆரம்பித்தது. இவர் ஆச்சரியத்தில் கையை நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. இவர் மென்றால் அதுவும் மென்றது.

டீச்சருக்கு போன் செய்து சொன்னேன். "அய்யோ அக்கா! நான் தனியா இருந்தவ இல்லையா? தட்ட எடுத்துக்கிட்டு அது பக்கத்துலதான் ஒக்காருவேன். அத ஒரு விஷயமா சொல்லணும்னே எனக்குத் தோணல" என்றார். அது சாப்பிடட்டும் என்று நாங்கள் ஒளிந்துகொண்டதே அதைப் பட்டினி போட்டிருக்கிறது!

உப்புமாவை முடித்த இவர், "நெடி வந்துச்சுல்ல? அப்ப யாரு கண்ணும் படல. தெருவுல எல்லாரும் நல்லவங்கதான்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

இப்போது எங்கள் இரவுச் சாப்பாடு கூண்டுக்குப் பக்கத்தில்தான். வருகிற தை மாதம் மகனுக்குக் கல்யாணம். புது மருமகளை எப்படியெல்லாம் கவனித்து அசத்தலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தவள் நான். இப்போது ஒன்றே ஒன்றைத்தான் முடிவு செய்திருக்கிறேன்: வருகிற பெண்ணுக்குத் தட்டு நிறையப் பரிமாறிவிட்டு எட்ட நின்று பார்க்காமல், என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.