உப்புக்காற்றும் முதுகுச் சிமெண்டும்

போன டிசம்பரில் தங்கச்சிமடம் போனேன், ஊர் சுற்ற அல்ல. அக்கா வீட்டுக்காரர் படகில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நொறுங்கிவிட்டது. ஊசி வழியாக எலும்புச் சிமெண்ட் ஏற்றினால் வலி குறையும் என்கிறார் மதுரை டாக்டர். அத்தான் மாட்டேன் என்கிறார். என் ஆராய்ச்சியே அந்த மாதிரிச் சிமெண்டில்தான். "நீ வந்து சொல்லுடி" என்று அக்கா போனில் அழுதாள்.

மதுரையிலிருந்து பேருந்தில் நாலு மணி நேரம். பாம்பன் பாலத்தில் எல்லோரும் செல்போனோடு எழுந்தார்கள். நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருக்களித்துப் படுத்திருந்த அத்தான் கூரையைக் காட்டினார். உப்புக்காற்றில் சிமெண்டுப் பூச்சு பொரிந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது.

"வீட்டுக்கே இந்தக் கதி. முதுகுக்குள்ள எத்தன நாளைக்கு நிக்கும்?"

அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. ஆராய்ச்சியை அளக்க ஆரம்பித்தேன். நாங்கள் செய்யும் சிமெண்டுப் பசையை ஊசிக்குழாயில் அழுத்தினால் தண்ணீர் முதலில் பிரிந்து வந்துவிடும். மாவு உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பத்தாத இடியாப்ப மாவு போல. குழாயை அல்ட்ராசவுண்டால் அதிரவைத்தால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கடைசிவரை சீராக இறங்கும்.

"அப்ப பாதியில அடைச்சா, ஊசியோட கெடக்கவா?" என்றார் அத்தான். அக்கா என்னை முறைத்தாள்.

"அது இன்னும் ஆய்வகத்துலதான் இருக்கு அத்தான், ஆளுக்குப் போட்டதில்ல. டாக்டர் போடுறது வேற வகை, இப்படித் தண்ணி பிரியாது. ஒடம்புக்குள்ளயும் உப்புத் தண்ணிதான். அதுல நிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க."

"உள்ள கம்பி கிம்பி வைப்பாகளா?"

"இல்ல அத்தான்."

"அப்பத் துருவும் பிடிக்காது." கூரைக் கம்பியை இன்னொரு முறை பார்த்தார். "சரி, வாரேன்."

சிமெண்ட் என்ற சொல்லை ஆய்வகத்தில் நாள் முழுக்கச் சொல்கிறோம். கேட்பவர் வீட்டுக் கூரையைப் பார்ப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

முதுகில் அடிபட்டவரை அங்கிருந்து கூட்டிவருவதானால் பேருந்து வேண்டாம், படுக்க வசதியுள்ள ஆம்புலன்ஸ் பிடியுங்கள். வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி இறக்க டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, என்னைப் போன்ற ஆட்களை அதிகம் பேச விடாதீர்கள்.

அந்த வாரமே டாக்டர் வழக்கமான முறையில் ஏற்றினார். வெளியே அக்கா செபமாலை உருட்டினாள். மறுநாள் காலை நான் ஆய்வகத்தில் இருந்தபோது வார்டிலிருந்து கூப்பிட்டாள்.

"உக்காந்து இட்லி திங்கிறாருடி."