தொடாதே அக்காவின் சாம்பிள் ரூம்

பல்கலைக்கழகத்தின் இன்டீரியர் டிசைன் துறையில் சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொண்டவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘தொடாதே அக்கா’. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை. பட்டம் கொடுத்த மாதிரி பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்த அறையில் இல்லாத பொருள் இல்லை. டைல்ஸ், பலகைத் துண்டுகள், சுவரில் ஒட்டும் காகிதம், திரைச்சீலைத் துணி, கம்பளம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். படிக்கிற பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தாங்கள் செய்யும் அட்டை வீட்டில் ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான் கம்பெனிகள் அவற்றை இனாமாக அனுப்பின. அக்காவோ நகைக்கடை கணக்காக அடுக்கி வைத்திருந்தாள். கத்தரிக்கோலோடு யாராவது வாசலில் தலைகாட்டினால் பார்வையாலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். அதிலும் ஒரு பச்சை வெல்வெட் துணி இருந்தது. அதற்கு பிளாஸ்டிக் உறை, கண்ணாடி அலமாரி, பூட்டு, இவ்வளவும். வீட்டிலும் இதே கதைதான். நல்ல கோப்பையில் காபி குடிக்க வேண்டுமென்றால் தான் வேறு வீட்டுக்குக் குடிபோய் விருந்தாளியாகத்தான் வர வேண்டும் என்று அவள் கணவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்த துறைத்தலைவர் ஒருநாள் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியின் மேல் விரலை ஓட்டினார். தூசி இல்லை. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவர் வியக்க, அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

“ஒருத்தர் கையும் பட விட்டதில்ல சார்,” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. யாருமே பயன்படுத்தாத அறை எதற்கு, கம்ப்யூட்டர் ரூமாக மாற்றிவிடலாம் என்று யோசிக்கிறார்களாம். அடுத்த வாரம் வந்து பார்த்து முடிவு செய்வார்களாம். அக்காவைத் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பி, விடைத்தாள் கட்ட விடுவார்களாம்.

தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அவள் அன்று முழுக்கப் புலம்பினாள். அந்த அறை அவளுக்கு உயிர்.

பிறகு, வந்தது வரட்டும் என்று ஸ்டூடியோவுக்கு நடந்தாள். மாணவர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அந்தக் கூடம் அடுத்த கட்டடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நீள மேசைகளில் அட்டையும் பசையும் இறைந்து கிடந்தன. ஒருவன் போனில் துணியின் படத்தைப் பெரிதாக்கி, அது வழவழப்பா சொரசொரப்பா என்று பக்கத்தில் இருந்தவனோடு தர்க்கம் செய்துகொண்டிருந்தான். கடைசி வருஷப் பெண் ஒருத்தி தன் சட்டையின் ஒரு கையை வெட்டி, விரல் நீள சோபாவுக்கு உறை போட்டிருந்தாள். மிச்சச் சட்டை அவள் உடம்பில்தான் இருந்தது.

“எல்லாரும் சாம்பிள் ரூமுக்கு வாங்க. கத்தரிக்கோலும் எடுத்துட்டு வாங்க,” என்றாள் அக்கா.

ஒருவரும் அசையவில்லை. பறிமுதல் செய்யத்தான் கேட்கிறாள் என்று நினைத்து ஒருவன் கத்தரிக்கோலை மேசைக்கடியில் தள்ளினான்.

கடைசியில் அந்த ஒற்றைக் கைச் சட்டைக்காரி மட்டும் எழுந்து வந்தாள். அக்கா அலமாரியைத் திறந்து, உறையைப் பிரித்து, வெல்வெட்டைத் தானே வெட்டினாள். கோணலாகத்தான் வந்தது. அந்தப் பெண் துண்டை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“மூணு வருஷமா கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன்க்கா.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பாதித் துணியை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

செய்தி பரவியதும் கூட்டம் சேர்ந்தது. துறைத்தலைவர் வந்த அன்று அறையில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் நூலும் மரத்தூளுமாகக் கிடந்தது. டைல்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவருக்கு வழிவிடக்கூட இல்லை. அறை இருக்கட்டும் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். போகும்போது பேன்ட்டில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார்.

“சுத்தமா வெச்சிருந்தப்பதானே சார் மூடப் பாத்தீங்க,” என்றாள் தொடாதே அக்கா.