தோப்புக் குட்டையில் மூன்று இழுப்பு

இது நடந்தது. நானும் குழந்தைராஜும் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. இரண்டு பேரும் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். வாரத்தில் கிடைக்கிற அரை நாள் ஓய்வைப் பேய்க் கதைக்குக் கொடுக்கிற ஆட்கள் இல்லை. ஆனால் இதில் ஒரு பெண்ணின் வழக்கு இருக்கிறது. அதனால் எதையும் கூட்டாமல், மணியைக் குறித்து எழுதுகிறேன்.

போன ஐப்பசி. ஞாயிற்றுக்கிழமை. பேராவூரணிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. உள்ளே பாசனத்துக்கு வெட்டிய குட்டை. சின்னதுதான், கல் எறிந்தால் அக்கரையில் விழும். ஆனால் நடுவில் இரண்டு ஆள் ஆழம். மோட்டார் கொட்டகைப் பூட்டு துருப்பிடித்திருந்தது. கொட்டகையிலிருந்து இறங்கிய குழாய் தண்ணீருக்குள் போய் முடிந்தது. மாசக் கணக்கில் யாரும் மோட்டார் போடவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது.

விரால் மீன் பிடிக்கப் போயிருந்தோம். தூண்டிலில் நாங்கள் புழு போடுவதில்லை. ரப்பர் தவளைதான். தொட்டால் கொழகொழவென்று நிஜத் தவளை மாதிரியே இருக்கும். அல்லி இலை மேல் எறிந்து, தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். விரால் அடித்தால் 'டபக்' என்று சத்தம் கேட்கும். இன்னொன்று, அது மிதக்கிற சாமான். தானாக முங்காது.

4.40க்கு ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. மழைக்காலம், அத்தனை அல்லி... ஒரு தவளை கூடக் கத்தவில்லை.

"குட்டையே செத்துக் கெடக்கு மாப்ள," என்றான் குழந்தைராஜ். அவனுடைய ரப்பர் தவளையை ஏற்கெனவே தென்னை மட்டையில் மாட்டித் தொலைத்துவிட்டான்.

5.35. என் தவளை குழாய் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். காணோம்.

'டபக்' இல்லை. அலை இல்லை. கையால் பிடித்துக் கீழே கொண்டுபோன மாதிரி முங்கியது.

தூண்டிலைச் சுண்டி இழுத்தேன். அசையவில்லை. கல்லில் கட்டின மாதிரி.

"இழுக்காதடா, அந்துரும்."

"போனாப் போவுது, விடு," என்றேன்.

"போனாப் போவுதா? அரை நாள் கூலிடா அது. ஒன் மாமனாரா வாங்கிக் குடுத்தாரு?"

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சிக்கின தவளையை விட மனசு வராது. தெரியாத தண்ணீரிலும் இறங்கிவிடுவோம்.

குழந்தைராஜ் கைலியை அவிழ்த்துப் போட்டான். "நூலை இறுக்கிப் புடி. அதப் புடிச்சிக்கிட்டே போறேன்."

5.41. நடுவில், குழாய் முடிகிற இடத்தில் போய் மூழ்கினான்.

எண்ண ஆரம்பித்தேன். பத்து... இருபது... முப்பது.

தூண்டில் ஆடியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

மறுபடி மூன்று. நின்றது.

மீன் இப்படி இழுக்காது. குழந்தைராஜ்தான் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நூலைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து தூக்கினேன். கனம். நெல் மூட்டைக் கனம் எனக்குத் தெரியும். இது மூட்டை இல்லை. ஆள்.

கொஞ்சம் மேலே வந்தது.

"டேய்! எத இழுத்துக்கிட்டு இருக்க?"

குரல் இடப்பக்கம்.

குழந்தைராஜ் கரையில் நின்றான். உடம்பு சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ரப்பர் தவளை.

"சிக்கலே இல்லடா. சும்மா கெடந்துச்சு. ஸ்னாப்பக் கழட்டி எடுத்துட்டு அந்தப் பக்கமா ஏறிட்டேன்."

ஸ்னாப் என்பது நூல் முனையில் இருக்கிற சின்னக் கொக்கி. அதைக் கழற்றினால் தவளை தனி, நூல் தனி. நூலில் எதுவும் இருக்கக் கூடாது.

என் நூல் விறைப்பாக இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

குழந்தைராஜ் பார்த்தான். அருகில் வந்து நூலை இரண்டு விரலால் தொட்டான். உடனே கையை எடுத்துவிட்டான்.

"அறுத்து வுடு."

"யாருடா அது..."

"அறுத்து வுடுறா!"

இப்போது இடைவெளி இல்லை. மூன்று, மூன்று, மூன்று. அவசரமாக. என் கால் சேற்றில் வழுக்கி ஒரு முழம் முன்னால் போனது.

பிளேடை எடுத்தேன்.

5.44.

அறுத்தேன்.

நூல் தண்ணீருக்குள் போனது. மெதுவாக.

'ளொப்.'

ஒரே ஒரு குமிழி.

தோப்பு முனையில் ஜாஃபர் சாதிக் என்பவரின் டீக்கடை. போகிற வழியில் வண்டியை நிறுத்தி டீ சொன்னோம். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண் குழந்தைராஜின் ஈரத் தலையைப் பார்த்தாள். அம்சவல்லி என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயசிருக்கும்.

"தோப்புக் குட்டையிலயா எறங்குனீங்க?"

தலையாட்டினான்.

"எங்க வீட்டுக்காரரு அங்கதாங்க போனாரு. மாசி மாசம். குழா அடியில வால்வு அடைச்சுக்கிச்சுன்னு எறக்கி வுட்டாங்க. இடுப்புல கயிறு. 'மூணு தரம் இழுத்தாத் தூக்குங்க'ன்னு சொல்லிட்டுத்தான் எறங்குனாரு. கரையில கயிறப் புடிச்சிருந்தது தோப்புக்காரரு மவன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அவரு இழுக்கவே இல்லைங்குறான் அந்தப் பய. கயிறு தானா அந்துச்சாம். தானா அந்தா பிசிறு பிசிறால்ல இருக்கும்? நான் பாத்தேங்க. ஒரே மட்டம்."

உள்ளங்கையைக் கத்தி மாதிரி வைத்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"தோப்புக்காரங்க எழுதிக் குடு, எழுதிக் குடுங்குறாங்க. இழுக்கல, விபத்துதான்னு. எட்டு மாசமா மாட்டேன்னு நிக்கிறேன். நீங்க எறங்கிப் பாத்தவங்க. சொல்லுங்க, அந்த ஆழத்துலேருந்து இழுத்தா கரைக்குத் தெரியுமா, தெரியாதா?"

குழந்தைராஜ் என்னைப் பார்த்தான்.

தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். பிளேடு என் சட்டைப் பையில் இருந்தது.

"தெரியாதும்மா," என்றேன். "ஆழம் ஜாஸ்தி."

பிறகு கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினோரு நாள் கழித்து, மனசு கேட்காமல் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். அவளைக் காணோம்.

"ஊருக்குப் போயிடுச்சுங்க," என்றார் ஜாஃபர் சாதிக். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுச்சு. யாரோ விரால் புடிக்க வந்தவங்க சொன்னாங்களாம், அங்கேருந்து இழுத்தாத் தெரியாதுன்னு. அதுக்கு மேல என்னத்தச் சண்ட போடுறதுன்னு வுட்டுடுச்சு."

எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. போலீசில் போய் என்ன சொல்ல? செத்தவன் இழுத்தான் என்றால் எவன் எழுதிக்கொள்வான்?

என் நூல் தலைமுடி கனம். அதிலேயே இழுப்பு முழங்கை வரைக்கும் தெரிந்தது. கட்டைவிரல் கனக் கயிற்றில் அந்தத் தோப்புக்காரர் மகனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?