சாமிநாதன் அண்ணனின் கள்ளு குடித்த ஆடுகள்

ஆடு மாடு வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது, கூட வருகிறவர்தான் சொல்வார் என்பது இந்தத் தொழிலில் சீரழியும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் மலேசியாவின் கோலா சிலாங்கூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளர்.

மருந்து பாட்டில்

சுங்கை பெசார் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் சாமிநாதன் அண்ணன். லயத்துக்கு, அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் ஆடு வளர்த்துத்தான் பிழைப்பு. தாய் ஆட்டுக்கு வயிறு உப்பியிருந்தது, விலா எலும்பு தெரிந்தது. புழுவாக இருக்கும் என்று மருந்து கொடுத்தேன். பலனில்லை. அடுத்த முறை நான் போனபோது அண்ணன் பாட்டிலை வாங்கி, காலாவதித் தேதியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு மருந்து மேல சந்தேகமில்ல, குடுக்குற கை மேலதான் லா."

பக்கத்து வீடு

மறுவருடம் அந்த ஆட்டின் மகள் இரண்டு குட்டி போட்டது. இரண்டும் என் உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிது. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. புட்டிப்பால் கொடுத்தும் ஒன்று என் மடியிலேயே செத்துப்போனது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டு மேரி அக்காதான் ஆடுகளைக் கெடுக்க வேலியோரம் ஏதோ வைக்கிறார் என்று சொன்னார். எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது, போய்க் கேட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"நான் ஒண்ணும் வைக்கல. காலையில அவரு தொட்டியில ஊத்துறத மோந்து பாருங்க."

தொட்டி

மோந்து பார்த்தேன். புளித்த கள். கள்ளுக்காரர் கொட்டுகிற அடிமண்டியை அண்ணன் வாங்கி வந்து, தவிட்டில் கலந்து, தினம் இரண்டு வேளை, வருடக்கணக்காக. ஆடு கொழுக்குமாம். அண்ணனோ கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டவர். வயிறு கள்ளில் நிறைந்தால் ஆடு புல் தின்னாது, தின்றதும் உடம்பில் ஒட்டாது, அந்தக் குறை வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் பாலுக்கும் இறங்கும், அந்தக் குட்டியும் அதே தொட்டியில் வளர்ந்தால் அதன் குட்டிக்கும் இறங்கலாம் என்று நான் கூட்டிவந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதுமட்டும்தான் காரணமா என்று நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். அண்ணன் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"கள்ள நான் குடிச்சாத்தான தப்பு? ஆடு சத்தியம் பண்ணலையே."

எழுந்து நின்ற குட்டி

ஆனாலும் டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். முதல் வாரம் ஆடுகள் புல்லைத் தொடாமல் தொட்டியையே முட்டிக் கத்தின. அண்ணன் மனமிளகி விடுவாரோ என்று நான் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் போய்த் தொட்டியை மோந்தேன். இதற்கிடையே மேரி அக்கா தன் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அடுத்த ஈற்றில் குட்டி தானாக எழுந்து நின்று, மடியைத் தேடிக் குடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணனும் துடைத்துக்கொண்டார், பிறகு காலியான பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

"மண்டிய நிறுத்துனதாலயா தங்கச்சி, இல்ல அவங்க போனதாலயா?"

ஆட்டைத் தேற்ற ஒரு வருடம் போதும், ஆட்டுக்காரரின் சந்தேகத்துக்குத்தான் எங்கள் கிளினிக்கில் இன்னும் மருந்து வரவில்லை.