டியூபுக்குள் கறுத்த தண்டை

சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் அப்பாவைக் கொண்டுபோவதற்குச் சற்று முன்பு, அம்மாவின் வெள்ளித் தண்டைகளை அவர் சைக்கிள் டியூபுக்குள் நுழைத்தார். இரு முனைகளையும் இறுகக் கட்டி, லயத்து வீட்டின் அடுப்புக்குப் பக்கத்தில் புதைத்தார். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் உப்பு கசியும், தீக்குச்சி நமுக்கும், மடித்த துணி பூசணம் பிடிக்கும். அந்த ஈரத்திலிருந்து வெள்ளி தப்ப வேண்டுமே!

"ரப்பருக்குள்ள தண்ணி பூருமா?" என்றார். பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் இறக்கியே வாழ்ந்தவர். ரப்பரை நம்பாமல் வேறு எதை நம்புவார்?

தங்கைக்கு விட்டுவிட்டு வந்த மலேரியாக் காய்ச்சல் ஒருமுறை விடாமல் பிடித்துக்கொண்டது. ரந்தா டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம் கொய்னா மாத்திரை இருந்தது. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடித்த மதிப்பில்லாத நோட்டை அவர் தொடமாட்டார். வெள்ளி கேட்டார்.

தோண்டி எடுத்து டியூபை அறுத்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்டைகள்தான் கரிக்கட்டையாய்க் கிடந்தன! டியூப் ரப்பரில் கந்தகம் சேர்ப்பார்கள், கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்து என்ன செய்ய? அப்படியே எடுத்துக்கொண்டு ரந்தாவுக்கு ஓடினேன்.

பாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, அடுப்புக் கம்பிய வளைச்சுக் கொண்டாந்தியா?"

"வெள்ளி பாய்! எங்கம்மா கல்யாணத் தண்டை."

"கறுப்பு பூசின ஈயத்தக் குடுத்து ஏற்கெனவே ஏமாத்திட்டாங்க. வெள்ளையாக் கொண்டா, எடுத்துக்கிறேன். பொழுது சாய்ஞ்சா கடை சாத்திடுவேன்."

திரும்பி ஓடினேன். அம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். புளி எப்போதோ தீர்ந்திருந்தது. மேடுகள் மங்கலாய் வெளுத்தன. கொடி வேலைப்பாட்டின் பள்ளங்களில் கறுப்பு அசையவில்லை. மூலையில் தங்கை நடுங்கிய நடுக்கத்தில் பல் தாளம் போட்டது. அம்மாவின் விரல்நுனி தோலுரிந்துவிட்டது.

சோப்பு கிடைக்காத காலம். துணி வெளுக்க அலுமினியச் சட்டியில் சாம்பல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை போயிற்று. தண்டைகளைப் பிடுங்கி அதற்குள் போட்டேன்.

"அடி கிறுக்கி! இருக்கிறதும் போச்சா?"

நுரை பொங்கியது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. குச்சியால் தூக்கினால் பள்ளம்வரை வெளுத்திருக்கிறது! ஏனென்று யோசிக்க நேரமில்லை. சூடு ஆறுமுன் முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

பாய் கடைப்பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார். "அதே தண்டையா?"

"அதேதான் பாய். மாத்திரையக் குடுங்க, பிள்ளை செத்துரும்!"

அவர் பலகையைக் கீழே வைத்தார். தண்டைகளைத் தரையில் உரசிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை என் கையில் வைத்து, "நனைக்காமக் கொண்டு போ," என்றார்.

அன்றிரவு யாரும் சமைக்கவில்லை. மறுநாள் தங்கைக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா," என்றாள். அம்மா பரபரவென்று சட்டியில் தண்ணீர் ஊற்றி, மரவள்ளிக்கிழங்கைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். அடுப்பு சீறியது. வெள்ளியை வெளுத்த சாம்பல் தண்ணீர் அந்தப் பழைய அலுமினியச் சட்டியின் அடியை அரித்துப் பொத்தல் போட்டிருந்தது. பித்தளைப் பாத்திரங்கள் முன்பே கிழங்குக்கு விலையாகப் போய்விட்டன. மிஞ்சியது அந்தச் சட்டி ஒன்றுதான்.

அம்மா பொத்தலில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உங்கப்பா இருந்தா இதையும் ரப்பர வச்சு அடைச்சிருப்பாரு," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

தங்கை மறுபடியும் பசிக்கிறது என்றாள். நான் கிழங்கை எடுத்து, அணையாமல் கிடந்த தணலில் புதைத்தேன்.