அம்மாவுக்குத் தெரிந்த ஜெர்மன்

பக்கத்து வீட்டில் இருந்த ஓமாவின் மகள் இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் அம்மாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார். தன் தாயின் கடைசி வார்த்தைகளைத் தனக்குச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருப்பார். அம்மா படித்துவிட்டு அட்டையைக் குப்புற வைத்துவிடுவாள்.

ஈரோட்டிலிருந்து நாங்கள் டெக்சாஸின் ரவுண்ட் ராக்குக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவின் விசாவில் வேலைக்குப் போக முடியாது, காரும் ஓட்டத் தெரியாது. தமிழ் மீடியத்தில் பி.எஸ்சி. முடித்தவள், ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வாய் வராது. நடந்து போகிற தூரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே மனுஷி பக்கத்து வீட்டு ஜெர்மன்காரக் கிழவிதான். பேரப்பிள்ளைகள் அவரை ‘ஓமா’ என்று கூப்பிட்டதைக் கேட்டு அம்மா அதையே பெயரென்று நினைத்துக்கொண்டாள். ஜெர்மனில் அது பாட்டியைக் குறிக்கும் என்று தெரிந்த பிறகும் ‘ஓமா ஆன்ட்டி’ என்பதை விடவில்லை. பாட்டியும் அவரே, ஆன்ட்டியும் அவரே.

பள்ளியில் எனக்கு ஆங்கிலம் பிடிபட்டதும் முதலில் இரண்டு பேருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஓமா ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். அப்படித்தான் அவர் கதை எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடம் கழித்து ஒரு அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு வந்திருக்கிறார். மாமியார் அவரை எதிரி நாட்டுக்காரி என்றே நடத்தியிருக்கிறாள். வீட்டுக்குள் ஜெர்மன் பேசக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்களே என்று ஓமாவும் பயந்து, பெற்ற மகளிடம் ஒரு தாலாட்டுகூட ஜெர்மனில் பாடவில்லையாம். அந்த மகளுக்குத் தன் தாயின் மொழி ஒரு சொல்லும் தெரியாது. இதை நான் தமிழில் சொன்னபோது அம்மா, “அடப் பாவமே, பெத்த பிள்ளைகிட்டயேவா” என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்குச் சோம்பல் அதிகம்.

எனக்கு ஒரு ஜெர்மன் வாக்கியம் தெரியும். ஓமா புளித்த முட்டைக்கோஸைத் தட்டில் வைத்தால் நான் முகத்தைச் சுளிப்பேன். “இஷ் வில் நிஷ்ட்” என்று சொல்லிக் காட்டுவார். எனக்கு வேண்டாம், மாட்டேன் என்று அர்த்தம். அதைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் உப்புமா போட்ட நாளெல்லாம் சொன்னேன். அம்மாவும், “இஷ் வில் நிஷ்ட்டெல்லாம் ஓமா ஆன்ட்டி வீட்டோட வெச்சுக்க, தின்னுட்டு எந்திரி” என்பாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஓமாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு ஆங்கிலத்தையே மறந்தார். கடைசியில் வாயில் ஜெர்மன் மட்டுமே மிஞ்சியது. என் மொழிபெயர்ப்பு வேலையும் போயிற்று. அம்மா விடவில்லை. ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காருவாள். அவர் ஜெர்மனில் பேசுவார். இவள், “ஆமாங்க, என்னத்தப் பண்றது. காபி ஆறுதுங்க, குடிங்க” என்று தமிழில் பதில் சொல்வாள். அவர் சிரித்தால் இவளும் சிரிப்பாள். மணிக்கணக்கில் நடக்கும். டாலஸிலிருந்து வாரக்கடைசியில் வந்துபோன மகள் இதைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஜெர்மன் தெரியும் என்றே முடிவு செய்துவிட்டார். அமெரிக்கர்களுக்கு நாம் பேசுவது எல்லாம் ஒன்றுதான்.

ஒருநாள் ஓமா நைட்டியோடு மெயின் ரோட்டில் நின்றார். யாரோ போலீஸுக்குச் சொல்லி, அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை முதியோர் ஹோமில் சேர்க்க மகள் வந்தார். அம்மாவும் நானும் உதவிக்குப் போயிருந்தோம், பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று. ஓமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, “இஷ் வில் நிஷ்ட், இஷ் வில் நிஷ்ட்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் முட்டிபோட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் திரும்பி, இவர் என்ன சொல்கிறார், உங்களுக்குத்தான் புரியுமே, தயவுசெய்து சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. வலித்தது.

“ஷி இஸ் சேயிங், யூ குட் கேர்ள். ஐ கோ, நோ ப்ராப்ளம். யூ டோன்ட் க்ரை” என்றாள் அம்மா.

மகள் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு ஓமாவின் விரல்களை ஒவ்வொன்றாக நாற்காலியிலிருந்து எடுத்தார். கார் திரும்பும்வரை ஓமாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மூன்று மாதத்தில், பேசுவது யாருக்கும் புரியாமலே ஹோமில் இறந்துபோனார்.

அன்று வீட்டுக்குள் வந்ததும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தேன். ஓமா மாட்டேன் என்றுதானே சொன்னார், உனக்குத் தெரியுமே, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். மூன்று வருடம் பள்ளிக்குப் போனதில் அம்மாவிடமும் ஆங்கிலத்திலேயே பேசப் பழகியிருந்தேன். அவள் தமிழில் கேட்பாள், நான் ஆங்கிலத்தில் சொல்வேன்.

“தெரியும் கண்ணு. கூட்டிட்டுப் போகாம அந்தப் பிள்ளையால முடியாது. மாட்டேன்னு சொன்னதையே நெனச்சுட்டு அவ்வளவு தூரம் எப்படி வண்டி ஓட்டும்?”

நான் மறுபடியும் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியே ஓமாவின் பூட்டிய வீட்டைப் பார்த்தாள். உள்ளே போய், பெட்டியில் கிடந்த ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் ஒரு நோட்டையும் எடுத்துவந்து மேஜையில் போட்டாள்.

“உக்காரு. இனிமே எங்கிட்ட தமிழ்லதான் பேசணும். இல்லாட்டி பேசாத.”

பொய் சொன்னது அவள், தண்டனை எனக்கு. அழுதுகொண்டே ஆனா ஆவன்னா எழுதினேன். எதிரில் உட்கார்ந்து அம்மாவும் அழுதாள். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.