காப்புக் கட்டிய ஊரில் ஒரு ஜாவாச் சூப்பு

காலை ஏழரை மணி. வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் ஷேர் ஆட்டோவுக்காக நானும் ரத்னாவும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கிராமம் பேரையூருக்குப் பக்கம். இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. ரத்னாவோ கடல் தாண்டி வந்தவள். என் தம்பி பாண்டி இந்தோனேசியாவில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது பிடித்துப்போய்க் கட்டிக்கொண்ட ஜாவாப் பெண். கல்யாணமும் அங்கேதான். மாமியாரை இதுவரை போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள். பாண்டி முன்னாலேயே ஊருக்குப் போய், மாரியம்மன் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டிவிட்டான். காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. அதனால் அவளை அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்.

போனதும் அவள் அம்மா வைக்கிற காரமான புளிக் காய்கறிச் சூப்பை மாமியார் வீட்டு அடுப்பில் வைத்துத் தரவேண்டும் என்று ரத்னாவுக்கு ஆசை. 'சாயூர் ஆசெம்' என்று பேர். "அத்தைகிட்டப் பேச எனக்குத் தமிழ் பத்தாது அக்கா. சமைச்சுக் குடுக்கறேன்" என்றாள்.

முந்தின நாள் இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் வேணாம்டி. சும்மா கைய வீசிக்கிட்டு வரச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டது என் மடத்தனம். 'வேணாம்' என்ற சொல் ரத்னாவுக்கு நன்றாகவே தெரியும். முகம் சுருங்கிப்போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம்! வந்த பிள்ளை ஆசையாகக் கேட்கிறாள், இந்த அம்மாவுக்கு அப்படி என்ன வீராப்பு? "வேணாம்னா விட்ருவமா? வாடி, எல்லாத்தையும் வாங்கிட்டே போவோம்" என்றேன்.

எட்டே கால் மணிக்குக் கீழமாசி வீதி. சௌசௌ, பயத்தங்காய், இளசான மக்காச்சோளம் எல்லாம் வரும் வழியிலேயே கிடைத்துவிட்டன. புளியும் நிலக்கடலையும் ஊரில் கொட்டிக் கிடக்கும். இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு வேண்டும் என்று ரத்னா போனில் படம் காட்டினாள். எங்கே தேடுவது? நாட்டு மருந்துக் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "சித்தரத்தைல்ல இது! யாருக்குத்தா இருமலு?" என்றார். இருமல் இல்லை, குழம்புக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரத்னா துண்டை மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஐம்பது கிராம் வாங்கினோம்.

ஒன்பதரைக்குப் பெரியார் நிலையத்தில் திருமங்கலம் பஸ். கப்பலூரில் கம்பெனிக்குப் போகிற கூட்டம் இறங்கியதும் காற்று வந்தது. காற்றோடு ஒரு வாடையும் வந்தது. முன் சீட்டில் மஞ்சள் சேலை கட்டியிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"யாருத்தா கருவாடு வச்சிருக்கது?"

ரத்னா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அவள் அம்மா கொடுத்தனுப்பிய இறால் விழுது. தெராசி என்பார்கள். சூப்புக்கு அதுதான் உயிர்.

"எந்த ஊருக்குப் போறீக?" என்றார் அந்த அம்மா. சொன்னேன். "அடி ஆத்தி! காப்புக் கட்டுன ஊருக்கா கவிச்சியக் கொண்டு போறீக?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் இத்தனை வருஷம் இருந்து இதையெல்லாம் சுத்தமாக மறந்திருக்கிறேன்.

திருமங்கலத்தில் பஸ் மாறினோம். அதற்குப்பின் வழி நெடுகக் கரிசல் காடு, அறுத்து முடித்த சோளத்தட்டை, அனல். ஊருக்குள் நுழையும்போது பன்னிரண்டு மணி. தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம். வாசலிலேயே அம்மா ரத்னாவைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். வீராப்பு கீராப்பு ஒன்றையும் காணோம். பையைப் பிரித்ததும்தான் குரல் மாறியது.

"ஏண்டி, காட்டுல மூட்டை மூட்டையாக் கிடக்குற மக்காச்சோளத்தக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்த? நான்தான் சமையல் வேணாம்னு சொன்னேன்ல?"

"ஏன் வேணாங்கற? அவ வச்சா குடிக்க மாட்டியா?"

"அட கூறு கெட்டவளே! காப்புக் கட்டி நாலு நாளாச்சு. ஊருல ஒரு வீட்டுலயும் எண்ணெய காய வைக்கலை. இந்த நேரத்துல தாளிச்சா ஆத்தாளுக்கு ஆகுமா? மொத மொத அடுப்பத் தொடுற பிள்ளை. அது ஏதாச்சும் வறுக்க, பொரிக்கன்னு ஆரம்பிச்சா, கூடாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? அதான் வேணாம்னேன்."

ரத்னா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "தாளிக்க என்ன அக்கா?" கரண்டியில் எண்ணெய், கடுகு, சட்டியில் கொட்டினால் 'சொய்ங்ங்' என்று கையாலும் வாயாலும் நடித்துக் காட்டினேன். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"என் சூப்பு எண்ணெய் இல்ல அத்தை! எல்லாம் தண்ணிதான்!"

"ஒரு சொட்டுகூடவா?"

"சொட்டு இல்ல!"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "அப்பறம் என்ன, வையி" என்றாள்.

தெராசிப் பொட்டலம் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. பாண்டி காப்புக் கட்டிய கையால் தொடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள, நானே தோட்டத்துக்குப் போய் மோட்டார் ரூமில் தொங்கவிட்டு வந்தேன். கொதிக்கிற தண்ணீரில் நிலக்கடலையும் நசுக்கிய சித்தரத்தையும் போட்டாள் ரத்னா. வெங்காயம், பூண்டு, வரமிளகாய் அரைத்த விழுது, சோளத்துண்டு, சௌசௌ, பயத்தங்காய், கடைசியில் புளியும் ஒரு துண்டு கருப்பட்டியும். அவள் ஊர்க் கீரைக்குப் பதிலாக அம்மா கொல்லையில் உருவிய முருங்கைக்கீரை. கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்த ரத்னா உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பிடியே ஒங்க அம்மா வச்ச மாதிரியே இருக்கு" என்றான் பாண்டி.

"பொய். தெராசி இல்ல. இது பாதிதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அம்மா ஒரு டம்ளர் குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டினாள். "நாலு நாளாச் சப்புனு தின்னு நாக்கே செத்துப்போச்சு. எம்புட்டுக் காரம்! இன்னுங் கொஞ்சம் ஊத்து." அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. மறுநாள் மூன்று வீட்டுக் கிண்ணம் வந்தது. பொங்கல் முடியும்வரை மூன்று நாளும் ரத்னாதான் அடுப்படியில். ரெண்டு பேரும் என்ன பாஷையில் பேசிக்கொண்டார்களோ, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பாண்டி தீச்சட்டி எடுத்து, காப்பு அவிழ்த்த மறுநாள் நாங்கள் கிளம்பினோம். காலை எட்டு மணிக்குத் தெரு முழுக்கக் கடுகு வெடிக்கிற சத்தம். ஊரே ஒன்றாகத் தாளித்துக்கொண்டிருந்தது. எங்கள் அடுப்படியில் அம்மா தன் கையாலேயே அந்தச் சூப்பை வைத்திருந்தாள். பக்கத்து அடுப்பில் கரண்டி, எண்ணெய், கடுகு. போச்சு, கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ரத்னா மூச்சுவிடாமல் நின்றாள். அம்மா கரண்டியைத் தூக்கி, சட்னியில் கொட்டினாள்.

பிறகு பாண்டியைக் கூப்பிட்டாள். அவன் மோட்டார் ரூமிலிருந்து அந்தப் பொட்டலத்தோடு வந்தான். அம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அதை ரத்னாவிடம் நீட்டினாள்.

"இதப் போட்டாத்தான் முழுசாகும்னு சொன்னியே. எம்புட்டுப் போடணும்?"

ரத்னா சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். காட்டிய விரலோடு அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். "ஏ, உப்புக் கூடிப்போகும், அங்கிட்டுப் போயி அழு" என்று அம்மா அதட்டினாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

மதுரையில் என் வீட்டில் தினமும் மூன்று வேளை தாளிக்கிறேன். கடுகுச் சத்தம் காதில்கூட விழாது. இனி விழும். திரும்பும் வழியில் திருமங்கலம் தாண்டியதும், அம்மா சூப்பு ஊற்றிக் கொடுத்த தூக்குவாளியின் மூடி லேசாக நெகிழ்ந்து, பஸ் முழுக்க வாடை கிளம்பிவிட்டது. கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"யாரும்மா அது, கருவாட்டுக் குழம்பு?"

நான் வாயைத் திறக்குமுன் ரத்னா வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்க அத்தை வச்சது அண்ணே!"